யார் போட்ட பந்து?

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் மனை பிரித்து இன்னும் வீடு எழும்பாத இடமெல்லாம் கிரிக்கெட் மைதானம்தான். "நேத்து செஞ்சுரி போட்டேன்" என்று ஒருவன் வந்து நின்றால், கேட்பவன் வாழ்த்துச் சொல்லமாட்டான். "யாரு போட்ட பந்துல?" என்பான். மூலகுளத்துப் பையன்களின் வேகப்பந்தா, ஆள் குறைகிறதே என்று சேர்த்துக்கொண்ட எட்டாம் வகுப்புப் பொடியன் போட்டதா? அதைத் தெரிந்துகொள்ளாமல் அந்தச் செஞ்சுரியை யாரும் ஒப்புக்கொள்வதில்லை. சாதனைப் பட்டியல்களை அச்சிடுகிற பெரியவர்கள்தான் இந்தக் கேள்வியைக் கேட்பதேயில்லை. பட்டியலில் பெயர், ரன், ஆண்டு, எதிரணி எல்லாம் இருக்கும். பந்து போட்டவன் பெயர் இருக்காது.

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ்நாடு, புதுச்சேரி, இலங்கை மட்டையாளர்களின் சாதனைகளைப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. பக்கத்தில் அமெரிக்க பேஸ்பாலையும் வைத்துக்கொள்வோம். மட்டை எண்ணிக்கைகளை எடைபோடுவதில் அவர்கள் நம்மைவிட வெகுதூரம் போயிருக்கிறார்கள். போகிற வழியில் அவர்களும் கொஞ்சம் அவமானப்பட்டிருக்கிறார்கள்.

முதலில் 2022 நவம்பர் 21. பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் விஜய் ஹசாரே கோப்பை ஆட்டம், தமிழ்நாடும் அருணாசலப் பிரதேசமும். நாராயண் ஜெகதீசன் 141 பந்துகளில் 277 ரன் அடித்தார். அதிகாரபூர்வ 50 ஓவர் ஆட்டத்தில் உலகில் எங்கும் எவரும் அதுவரை அத்தனை அடித்ததில்லை. சாய் சுதர்சனோடு அவர் சேர்த்த முதல் விக்கெட் கூட்டணி 416. அணியின் எண்ணிக்கை 2 விக்கெட்டுக்கு 506. அருணாசலம் 71 ரன்னுக்குச் சுருண்டது. வித்தியாசம் 435 ரன்.

ஜெகதீசன் முறியடித்தது இங்கிலாந்தின் அலிஸ்டேர் பிரவுன் 2002ல் ஓவல் மைதானத்தில் சர்ரே அணிக்காக அடித்த 268ஐ. அந்த ஆட்டத்தில் எதிரணியான கிளாமர்கன் என்ன செய்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். சர்ரே 438, கிளாமர்கன் 429. ஒன்பதே ரன்னில் தோல்வி. அன்றைய ஓவல் பிட்ச் மட்டைக்கு வாரி வழங்கியது என்பதற்கு கிளாமர்கனின் 429ஐவிட வேறு சாட்சி வேண்டாம். பெங்களூரில் பிட்ச் எப்படியிருந்தாலும், மறுபக்கம் 71தான். ஆக 268 பிட்சுக்குக் கொஞ்சம் கடன்பட்டது. 277 எதிரணிக்குக் கொஞ்சம் கடன்பட்டது. இவற்றில் எது பெரியது என்று எண்ணை மட்டும் வைத்து எப்படித் தீர்மானிப்பது?

ஜெகதீசனைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. அவருடைய உண்மையான சாதனை அந்த 277க்குள் மறைந்துபோனது என்பதே என் வருத்தம். அதற்கு முந்தைய நான்கு ஆட்டங்களிலும் அவர் சதம் அடித்திருந்தார்: ஆந்திரா, சத்தீஸ்கர், கோவா, ஹரியானா. 277 ஐந்தாவது. சங்கக்காரா, அல்விரோ பீட்டர்சன், தேவ்தத் படிக்கல் ஆகியோர் தொடர்ந்து நான்கு சதம் அடித்திருந்தார்கள். ஐந்தை அதுவரை யாரும் தொட்டதில்லை. ஹரியானாவின் பந்துவீச்சை எதிர்த்து எடுத்த 128, நான்கு அணிகளின் நான்கு விதமான பவுலர்களைத் தாண்டி வந்த அந்த வரிசையின் பகுதி. என் கணக்கில் அந்த வரிசைதான் பெரியது. ஆனால் மறுநாள் செய்தித்தாள்களுக்கு 277 போதுமானதாயிருந்தது. அணி எண்ணிக்கையான 506ம் நிலைக்கவில்லை. 2025 டிசம்பரில் பிகார் அதே அருணாசலத்துக்கு எதிராக 574 அடித்தது.

அருணாசலத்தை இங்கே இளக்காரமாகப் பார்ப்பவர்கள், புதுச்சேரியும் அதே வாசலில் உள்ளே வந்த அணி என்பதை நினைவில் வைக்க வேண்டும். இந்தியக் கிரிக்கெட் நிர்வாகத்தைச் சீரமைக்க அமைக்கப்பட்ட லோதா குழுவின் சீர்திருத்தங்களுக்குப் பிறகு 2018-19 பருவத்தில் ஒன்பது புதிய அணிகள் ரஞ்சிக் கோப்பையில் சேர்க்கப்பட்டன. பிகார், உத்தராகண்ட், சிக்கிம், மணிப்பூர், மேகாலயா, மிசோரம், நாகாலாந்து, அருணாசலம் இவற்றோடு நம் ஊரும். எல்லாரையும் 'பிளேட்' என்ற தனிப் பிரிவில் போட்டார்கள். அதற்கு முன் புதுச்சேரிக்காரன் முதல்தரக் கிரிக்கெட் ஆட வேண்டுமென்றால் சென்னைக்குப் போய் லீக் ஆடி, தமிழ்நாட்டு அணியில் இடம்பிடிக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் இருந்தவரை இங்கே கிரிக்கெட்டை வளர்க்க ஆளில்லை. கடற்கரைப் பக்கம் இன்றும் இரும்புக் குண்டு வீசி ஆடும் பெத்தாங்தான் அவர்கள் விட்டுச்சென்றது. (1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டுக்கு வெள்ளி வாங்கிய நாடு பிரான்ஸ் என்றால் நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும். ஆடியதே இரண்டு அணிகள். பிரெஞ்சு அணியில் இருந்தவர்களிலும் பெரும்பாலோர் அங்கே குடியிருந்த ஆங்கிலேயர்கள்.)

அந்த முதல் பிளேட் பருவம் சாதனைப் புத்தகத்தைக் கலக்கிவிட்டது. பிகாரின் அசுதோஷ் அமன் 68 விக்கெட் எடுத்து, 1974-75ல் பிஷன் சிங் பேடி எடுத்த 64ஐத் தாண்டினார். சிக்கிமுக்கு ஆடிய மிலிந்த் குமார் 1331 ரன் குவித்து, 1999-2000ல் லட்சுமண் எடுத்த 1415ஐ நெருங்கினார். இந்த மிலிந்த் பின்னாளில் அமெரிக்க அணிக்கு ஆடப் போனார், பேஸ்பால் தேசத்துக்கு. ஹிமாசலத்திலிருந்து வந்த பரஸ் டோக்ரா புதுச்சேரி அணியில் ஆடியபோதுதான் அஜய் சர்மாவைத் தாண்டி, ரஞ்சியில் மிக அதிக இரட்டைச் சதம் அடித்தவரானார். 2022 பிப்ரவரியில் பிகாரின் சகிபுல் கனி தன் முதல் முதல்தர ஆட்டத்திலேயே மிசோரமுக்கு எதிராக 341 அடித்தார். அறிமுக ஆட்டத்தில் முச்சதம் என்பது உலகில் அதுவரை இல்லாத ஒன்று.

பேடியின் 64ஐ அமனின் 68க்குக் கீழே எழுதுவதா என்று பலர் கொதித்தார்கள். கொதிப்பில் நியாயம் இருக்கிறது. முழு நியாயம் இல்லை. டோக்ராவின் இரட்டைச் சதங்களில் பெரும்பாலானவை பிளேட் பிரிவு பிறப்பதற்கு முன்பே, ஹிமாசலத்துக்காக அடித்தவை. கடைசிப் படியை மட்டும் புதுச்சேரி சட்டையில் ஏறினார். அவர் மாதிரி வெளியூர் ஆட்டக்காரர்களை நம்பித்தான் புதுச்சேரி முதல் பருவத்தைத் தொடங்கியது. சிலருடைய பதிவை இந்திய வாரியமே தகுதி விதியைக் காட்டி ரத்துசெய்ததும் நடந்தது. உள்ளூர்ப் பையன்களுக்கு இடமில்லையே என்ற முணுமுணுப்பு அன்று தொடங்கியது, இன்னும் ஓயவில்லை. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

'பிளேட் அணி' என்ற முத்திரையை நிரந்தரமாக நம்பினால் 2024 ஜனவரியை விளக்க முடியாது. அதற்குள் மேல்நிலையான எலைட் பிரிவுக்கு வந்திருந்த புதுச்சேரி, டெல்லியை டெல்லியிலேயே, அருண் ஜேட்லி மைதானத்தில், 9 விக்கெட் வித்தியாசத்தில் வீழ்த்தியது. டெல்லி தன் கேப்டனையே மாற்றியது. ஐந்தாறு ஆண்டுக்கு முன் 'இவர்கள் பந்தில் அடித்தால் என்ன பெரிதா?' என்று கேட்கப்பட்ட ஊர் இது.

எளிய எதிரணி, பெரிய எண் என்ற பேச்சு பிளேட்டோடு பிறந்ததும் அல்ல. 1988-89 பருவத்தில் பனாஜியில் தமிழ்நாடு கோவாவுக்கு எதிராக 6 விக்கெட்டுக்கு 912 அடித்து டிக்ளேர் செய்தது. டபிள்யூ.வி.ராமன் 313, அர்ஜன் கிருபால் சிங் ஆட்டமிழக்காமல் 302. ஒரே இன்னிங்ஸில் இரண்டு முச்சதம் என்பது அதற்கு முன் முதல்தரக் கிரிக்கெட்டில் நடந்ததில்லை. அர்ஜன் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1934ல் சேப்பாக்கத்தில் நடந்த முதல் ரஞ்சி ஆட்டத்தில், ஒரே நாளில் முடிந்துபோன அந்த ஆட்டத்தில், மைசூரைச் சுருட்டிய ஏ.ஜி.ராம்சிங்கின் பேரன். 1955ல் ஹைதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிராகத் தன் முதல் டெஸ்ட்டிலேயே சதம் அடித்த கிருபால் சிங்கின் மகன். ராமனோ அந்தப் பருவத்தில் 1018 ரன் சேர்த்து, ரூசி மோடி 1944-45ல் எடுத்த 1008ஐ முறியடித்தார். நாற்பத்து நான்கு ஆண்டு நின்ற எண் அது.

கோவா அன்று ரஞ்சிக்குப் புதிய அணி. 'கோவா பந்துதானே' என்று ராமனின் 313ஐத் தள்ளியவர்கள் அப்போதும் உண்டு. 2024 நவம்பரில் சக்கரம் சுழன்றது. அதே கோவாவின் ஸ்நேகல் கௌதன்கர் 314, காஷ்யப் பக்லே 300, இருவரும் ஆட்டமிழக்காமல், பிரியாத கூட்டணியாக 606. ஒரே இன்னிங்ஸில் இரண்டு முச்சதம் மறுபடியும். பந்து போட்டது அருணாசலம். அடிவாங்கிய ஊர் அடிக்கக் கற்றுக்கொள்ள முப்பத்தைந்து ஆண்டு ஆகியிருக்கிறது. அருணாசலத்துக்கும் அந்த அவகாசம் உண்டு.

பவுலர் இல்லாவிட்டால் சாதனை என்ன ஆகும் என்பதற்கு 1948 டிசம்பரில் புனேயில் நடந்ததைவிட நல்ல உதாரணம் கிடையாது. மகாராஷ்டிரத்தின் பி.பி.நிம்பல்கர் கத்தியவாருக்கு எதிராக 443 ரன்னோடு நிற்கிறார். 1930ல் பிராட்மன் எடுத்த 452 அப்போதைய உலகச் சாதனை. இன்னும் பத்து ரன் போதும். உணவு இடைவேளைக்குப் போன கத்தியவார் அணி திரும்பி வரவில்லை. அதன் கேப்டன் ராஜ்கோட் தாகூர் சாகேப். தன் அணியின் பெயர் அந்தச் சாதனையோடு ஒட்டிக்கொள்வதை அவர் விரும்பவில்லை. ஆட்டத்தை விட்டுக்கொடுத்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நிம்பல்கர் ஒரு டெஸ்ட்கூட ஆடாமலேயே ஓய்ந்தார்.

இனி பேஸ்பால். ஆட்டம் தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதும்: பிட்சர் எறிகிறார், மட்டையாளர் அடித்து முதல் தளத்தையாவது பத்திரமாகத் தொட்டால் அது ஒரு 'ஹிட்'. பத்து வாய்ப்பில் மூன்று ஹிட் அடித்தால் சராசரி 0.300; அவர் நல்ல மட்டையாளர். இந்தக் கணக்குமுறையைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் ஹென்றி சாட்விக். 1824ல் இங்கிலாந்தில் பிறந்தவர். நியூயார்க் பத்திரிகைகளுக்கு முதலில் கிரிக்கெட் செய்தி எழுதியவர். அந்த ஸ்கோர் அட்டைப் பழக்கத்தைத்தான் பேஸ்பாலுக்குக் கொண்டுபோனார். வேறுபாடு ஒன்றுண்டு. கிரிக்கெட்டில் ரன்னை ஆட்டமிழந்த தடவைகளால் வகுக்கிறோம். அங்கே கிடைத்த வாய்ப்புகளால் வகுக்கிறார்கள். 'நாட் அவுட்' எடுத்துச் சராசரியைக் கொழுக்க வைக்கும் வித்தை அங்கே செல்லாது.

1941ல் டெட் வில்லியம்ஸ் பருவத்தின் கடைசி நாளுக்கு 0.39955ல் வந்து நின்றார். உட்கார்ந்திருந்தால் 0.400 என்று முழுமையாக்கிக் கொடுத்திருப்பார்கள். அவர் அன்றைய இரண்டு ஆட்டமும் ஆடினார். எட்டு வாய்ப்பில் ஆறு ஹிட், சராசரி 0.406. அமெரிக்கன், நேஷனல் லீகுகளில் அதற்குப் பின் முழுப் பருவத்தில் 0.400ஐ யாரும் எட்டவில்லை.

மட்டையாளர்கள் மட்டம் ஆகிவிட்டார்களா? 1968ஐப் பாருங்கள். அந்த ஆண்டு பிட்சர்களின் ராஜ்யம். அமெரிக்கன் லீகின் முதல் மட்டையாளர் கார்ல் யஸ்திரெம்ஸ்கியின் சராசரியே 0.301தான். மறு ஆண்டு, பிட்சர் நின்று எறியும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். ஹிட்டுகள் திரும்பி வந்தன. ஐந்து அங்குல மண்ணில் ஒரு தலைமுறையின் சராசரி மாறுகிறது என்றால், 0.301ஐயும் 0.406ஐயும் ஒரே தராசில் வைப்பது எப்படி? இதற்குத்தான் அவர்கள் ஒரு வழி கண்டார்கள். அந்த ஆண்டு அந்த லீகின் சராசரி ஆட்டக்காரர் செய்ததை 100 என்று வைத்துக்கொண்டு, மைதானத்தின் தன்மையையும் கழித்துவிட்டு, இவர் அதற்கு எவ்வளவு மேல் என்று பார்ப்பது. பேப் ரூத் ஏறக்குறைய இருமடங்கு நிற்கிறார். கிரிக்கெட்டில் ஆய்வாளர்கள் சிலர் இதைச் செய்கிறார்கள். தொலைக்காட்சித் திரையில் வருவதில்லை.

ஆனால் அந்தத் தராசிலும் ஒரு தட்டு காலியாகவே இருந்தது. பேப் ரூத், டை காப் என்ற மட்டையாளர்களின் காலத்து லீகுகளில் கறுப்பர்களுக்கு இடமில்லை. 1947 ஏப்ரல் 15ல் ஜாக்கி ராபின்சன் களம் இறங்கும்வரை இதுதான் நிலைமை. ஜாஷ் கிப்சன் என்ற பெரும் மட்டையாளர் கறுப்பர் லீகிலேயே ஆடி, ராபின்சன் இறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, 35 வயதில் இறந்துபோனார். 1966ல் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டபோது டெட் வில்லியம்ஸ் ஏற்புரையில் கிப்சனையும், கறுப்பர் லீகின் பிட்சர் சாட்செல் பெய்ஜையும் பெயர் சொல்லி, அவர்களுக்கும் இங்கே இடம் வேண்டும் என்றார். பெய்ஜ் 1971லும் கிப்சன் 1972லும் சேர்க்கப்பட்டார்கள். 2024 மே மாதம்தான் 1920 முதல் 1948 வரையிலான கறுப்பர் லீகுகளின் எண்கள் அதிகாரபூர்வப் பட்டியலில் கலந்தன. டை காபின் 0.367 இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. வாழ்நாள் சராசரியில் 0.372 என்ற கிப்சன் முதலிடம்; ஒரு பருவச் சராசரியிலும் 1943ன் 0.466 என்று அவரே.

அங்கேயும் உடனே கேட்டார்கள்: சிறிய லீக், குறைந்த ஆட்டங்கள், யார் போட்ட பந்து? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதை ரூத்திடமும் காபிடமும் கேட்டாக வேண்டும். லீக் ஆட்டங்களில் பெய்ஜ் எறிந்த ஒரு பந்தைக்கூடச் சந்திக்காமல் குவித்த எண்கள் அவை. ஒரு பக்கம் மட்டும் கேட்டால் அது கேள்வி இல்லை, சாக்கு.

நம் மண்ணில் இந்தக் கேள்விக்கு மிக நேர்த்தியான விடை சேப்பாக்கத்தில் இருக்கிறது. அந்த மைதானம் சாதனைகளுக்குப் பேர்போனது. கவாஸ்கர் 1983 டிசம்பரில் பிராட்மனின் 29 சதங்களைத் தாண்டியது, சேவாக் 2008ல் 319, கருண் நாயர் 2016ல் ஆட்டமிழக்காமல் 303. கருண் நாயர் அதற்குப் பின் சில டெஸ்டுகளிலேயே அணியில் இடத்தை இழந்து, திரும்பி வர 2025 ஆயிற்று. முச்சதத்தின் மதிப்பு அவ்வளவுதான். இவற்றில் கவாஸ்கரின் 236க்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். அவர் உள்ளே வரும்போது பலகையில் பூஜ்யத்துக்கு 2 விக்கெட். இரண்டையும் வீழ்த்தியவர் மால்கம் மார்ஷல்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது சதம்கூட ஆகாத ஒரு இன்னிங்ஸ். 1975 ஜனவரி, எதிரணி மேற்கிந்தியத் தீவுகள், ஆண்டி ராபர்ட்ஸ் முழு வேகத்தில். முதல் இன்னிங்ஸில் 64 ரன்னுக்கு 7 விக்கெட், ஆட்டம் முழுக்க 12. ஒரு முனையில் விக்கெட்டுகள் சரிய, மறுமுனையில் குண்டப்பா விஸ்வநாத். இந்தியா எடுத்த 190ல் பாதிக்கு மேல் அவருடையது. கடைசி ஆளாக சந்திரசேகர் போனபோது விஸ்வநாத் 97. இந்தியா அந்த டெஸ்ட்டை 100 ரன் வித்தியாசத்தில் வென்றது. சதப் பட்டியலில் இதற்கு இடமில்லை. நாட் அவுட் என்பதால் சராசரிக்குக் கொஞ்சம் உதவியிருக்கும், அவ்வளவே. ஆனாலும் விஸ்டன் 2001ல் தொகுத்த சிறந்த நூறு டெஸ்ட் இன்னிங்ஸ்களில் அது இருக்கிறது. அன்று பார்த்த சென்னைக்காரர்களிடம் 'கருண் நாயரா, விஷியா?' என்று கேட்டுப் பாருங்கள், திட்டு விழும்.

இன்னொரு வகை இழப்பும் உண்டு. பந்து போட ஆளே அனுப்பப்படாத மட்டையாளர்கள். 2013 உலகக் கோப்பையில் சதம் அடித்து, அப்படி அடித்த முதல் இந்தியப் பெண் ஆனவர் தமிழ்நாட்டின் திருஷ் காமினி. 2014 நவம்பரில் மைசூரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்ட்டில் 192 அடித்தார். பூனம் ராவத்தோடு 275 ரன் கூட்டணி. அதன் பிறகு இந்தியப் பெண்கள் அணி அடுத்த டெஸ்ட் ஆடியது 2021 ஜூனில், பிரிஸ்டலில். ஆறரை ஆண்டு டெஸ்ட்டே இல்லை என்றால் யாருடைய எண் வளரும்?

மகாதேவன் சதாசிவத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. கொழும்புத் தமிழர், தமிழ் யூனியன் கிளப்பின் ஆட்டக்காரர். இலங்கை, சிங்கப்பூர், மலாயா என்று மூன்று நாட்டு அணிகளுக்குத் தலைமை தாங்கியவர். 1947ல் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக அவர் அடித்த 215ஐ, பார்த்தவர்கள் ஆயுள் முழுக்கப் பேசினார்கள். 1948ல் இங்கிலாந்து போகும் வழியில் பிராட்மன் அணி கொழும்பில் ஒருநாள் ஆடியபோது இலங்கையின் கேப்டன் அவர்தான். (பிட்ச் 22 கஜத்துக்குப் பதில் 20 கஜமே இருந்தது பிறகு தெரிந்தது. அளவுகளைப் பற்றிய கட்டுரையில் இதைச் சேர்க்காமல் விட மனம் வரவில்லை.) அவர் ஆடிய முதல்தர ஆட்டங்கள் பத்துக்குச் சற்று மேல்தான். சராசரி நாற்பதுகளின் தொடக்கத்தில். இலங்கைக்கு டெஸ்ட் 1982ல் வந்தது. அவர் 1977லேயே போய்விட்டார். எண்ணை மட்டும் பார்க்கிறவனுக்கு சதாசிவம் ஒரு சாதாரண ஆட்டக்காரர்.

கிப்சனுக்கு நடந்தது ஏன் இவருக்கு நடக்கவில்லை என்றால், கிப்சனுக்காக ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் பழைய செய்தித்தாள் கட்டுகளைப் புரட்டி ஸ்கோர் அட்டைகளைச் சேர்த்தார்கள். அப்படியும் அந்த லீகுகளின் ஆட்டங்களில் ஏறக்குறைய முக்கால் பங்குதான் கிடைத்திருக்கிறது. புதுச்சேரியிலும் செய்ய வேண்டிய வேலை இதுதான். 2018க்குப் பின் நம் அணி ஆடும் ரஞ்சி ஆட்டங்களை இந்திய வாரியம் பந்து பந்தாகப் பதிவுசெய்கிறது. அதற்கு முன், பிரெஞ்சுக்காரர்கள் போன 1954க்கும் 2018க்கும் நடுவில், இங்கே கிளப் ஆட்டங்களில் அடித்தவர்கள் எத்தனை அடித்தார்கள் என்பது கிளப்காரர்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் ஸ்கோர் நோட்டுகளில்தான் இருக்க முடியும். அவற்றைத் தேடி எடுப்பவர்கள் இடப்பக்கத்து மட்டையாளர் பெயர்களோடு நிறுத்திவிடாமல், கீழே பவுலருக்கு என்று விட்டிருக்கும் கட்டங்களையும் சேர்த்துப் படியெடுக்க வேண்டும்.